அன்னவாசல் ஒன்றியத்துச் செய்திகள்

எங்க புதுக்கோட்டை மாவட்டம் டிவியில வந்துச்சுன்னா, பெரும்பாலும் மாடு விஷயமாத்தான் இருக்கும். வருஷத்தோட முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில நடக்கும், கேமரா எல்லாம் வந்து இறங்கும். 2019 ஜனவரியில விராலிமலையில 1,300 காளைக்கு மேல அவிழ்த்துவிட்டு உலக சாதனைன்னு சொன்னாங்க. அன்னைக்கு 2 பேர் செத்தும் போனாங்க. சாதனையைப் பேசுறவங்க அதைப் பேசுறதில்ல.

மாட்டை விட்டா சித்தன்னவாசல். கலாச்சாரம்னு எழுத உட்கார்ந்தா எல்லாரும் இதைத்தான் எழுதுவாங்க, நானும் எழுதிடறேன் :-) மலை மேல ஏழடிப்பட்டம், சமண முனிவர்களோட 17 கல்படுக்கை, சுமார் 2,000 வருஷப் பழைய தமிழ் பிராமி கல்வெட்டு. கீழே அறிவர் கோவில். 9ஆம் நூற்றாண்டுல, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்துல, மதுரை இளங்கௌதமன்ங்கிற ஆசிரியர் அதைப் புதுப்பிச்சதா கல்வெட்டு சொல்லுது. விதானத்துல ஒரு தாமரைக்குளம். மீன், வாத்து, யானை, எருமை, நடுவுல பூப்பறிக்கிற மூணு பேர். தீர்த்தங்கரரோட உபதேசம் கேக்கப் போறவங்க கடந்து போற குளம் அதுன்னு அறிஞர்கள் விளக்கம் சொல்றாங்க. எருமையும் மனுஷனும் ஒரே தண்ணியில நிக்கறதுல அங்க யாருக்கும் பிரச்னை இல்லை. நிறைய அழிஞ்சு போச்சு, மிச்சமே அவ்வளவு அழகு.

இதே அன்னவாசல் ஒன்றியத்துலதான் வேங்கைவயலும் இருக்கு. 2022 டிசம்பர்ல அங்க பட்டியல் சமூகக் குடியிருப்புல பிள்ளைங்க அடுத்தடுத்து உடம்புக்கு முடியாம விழுந்தாங்க. தண்ணியைப் பாருங்கன்னு மருத்துவர் சொல்ல, 26ஆம் தேதி மேல்நிலைத் தொட்டியில ஏறிப் பார்த்தாங்க. உள்ளே மனித மலம். மறுநாள் கலெக்டரும் எஸ்.பி.யும் வந்தப்ப வேற ரெண்டு விஷயம் வெளிய வந்துச்சு: டீக்கடையில இரட்டை டம்ளர், அய்யனார் கோவிலுக்குள்ள இவங்களுக்கு அனுமதி இல்லை. கலெக்டரே அவங்களைக் கோவிலுக்குள்ள கூட்டிட்டுப் போனார்.

வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு, டிஎன்ஏ பரிசோதனை நடந்துச்சு, ஹைகோர்ட் ஒரு நபர் ஆணையம் வெச்சுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு 2025 ஜனவரியில குற்றப்பத்திரிகை வந்தப்ப, அதுல இருந்த 3 பேரும் அதே குடியிருப்பு ஆளுங்க. ஊர் மக்கள் அதை ஏத்துக்கல, சிபிஐ விசாரணை கேட்டுப் போராட்டத்துல உட்கார்ந்தாங்க. சரி, அந்த 3 பேர்தான்னே வெச்சுக்குவோம். டம்ளரையும் கோவில் கதவையும் எந்தக் குற்றப்பத்திரிகையில சேர்க்கறது?

வெளியூர்ல “புதுக்கோட்டையா, வேங்கைவயல் பக்கமா?”ன்னு கேட்டா நம்ம ஆளுங்களுக்குக் கோவம் வருது. மீடியா ஊர் பேரைக் கெடுத்துடுச்சாம். மீடியா என்ன பண்ணுச்சு? அந்தத் தொட்டியில ஏறுனது ரிப்போர்ட்டரா? சித்தன்னவாசல்னா மட்டும் நம்ம ஊரு, வேங்கைவயல்னா யார் ஊரோவா? ரெண்டு ஊருக்கும் பிடிஓ ஆபீஸ் ஒண்ணுதாங்க.