அம்மானின் நரம்பு

பேசாலைக் கடற்கரையில் பிறந்த எங்களுக்கு நரம்பு என்பது ஒரே சொல், பொருளோ மூன்று. ஊசி ஏற்றுவதற்குத் தேடுவதும் நரம்பு. சுமை தூக்கிப் பிசகிக்கொள்வதும் நரம்பு. கை விறைத்தால் பழி சுமப்பதும் நரம்பே. குருதி செல்லும் நாளம், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், உணர்ச்சியைக் கொண்டோடும் நரம்பு என மூவகை இழையங்களை ஒரு பெயரால் அழைத்தே காலம் கழித்துவிட்டோம். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. பண்டைக் கிரேக்கரும் 'நியூரோன்' என்ற சொல்லால் நாணையும் நரம்பையும் குறித்தவர்களே!

இதனால் நேரக்கூடிய கேட்டை எனக்கு உணர்த்தியது அம்மானின் கை. மீன் வெட்டுகையில் கத்தி வழுக்கி, சுட்டுவிரலின் அடி அறுபட்டது. வைத்தியசாலையில் தமிழறியாத வைத்தியருக்கு நானே மொழிபெயர்ப்பாளன். "நரம்பு அறுந்துபோச்சு, தம்பி" என்றார் அம்மான். நானும் உணர்ச்சி நரம்பென்றே ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். நல்லவேளையாக வைத்தியர் என் சொல்லோடு நிற்கவில்லை. பஞ்சினால் விரல் நுனியைத் தொட்டார், உணர்ச்சி இருந்தது. மடக்கச் சொன்னார், நுனி அசையவில்லை. அறுந்தது நாண். வலை இழுத்துப் பிழைப்பவரின் விரலுக்கு என் அரைகுறை அறிவு என்ன செய்திருக்குமோ என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

வைத்தியரிடம் பஞ்சு இருந்தது. கணினியிடமோ நாம் எழுதிக் கொடுக்கும் சொல்லன்றி வேறில்லை. அதனாலேயே அமெரிக்காவின் சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 1990களில் ஒரு பெருமுயற்சியைத் தொடங்கினர். உடலின் உறுப்புகளையும் இழையங்களையும் ஏறத்தாழ 75,000 வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்தனர். பெயர்கள் பலவாயிருக்கலாம், இலக்கம் ஒன்றே. நாம் நாளம் என்பதைத் தமிழகத்தார் சிரை என்பர். கணினிக்கு இரண்டும் ஒரு பொருளே. எது எதன் வகை, எது எதன் பகுதி, எது எதனோடு பொருந்தியது என்ற தொடர்புகளே 21 இலட்சத்துக்கு மேல். விரல் நுனியை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது என்பதையும் இத்தகைய தொடர்புகளைக் கொண்டே கணினி அறியும்.

இவ்வேலையின் முதற்பாதியை நம் மொழியில் முன்பே ஒருவர் தொடங்கியிருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார்; உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் திரட்டினார். கணினி கேட்பதும் அத்தகைய பொறுமையைத்தான். ஆனால், அறிஞர் சொல்லோடு அம்மானின் சொல்லையும் அதற்குக் கற்பிக்க வேண்டும். நோயாளி பேசுவது அகராதித் தமிழன்று.

கணினி பயிலும் என் மகள் இப்போது ஊர்ச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறாள். நரம்பு என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். சென்ற கிழமை அம்மான், பாதிதான் மடங்கும் விரலை அவளிடம் நீட்டி, "என்ர நரம்புக்கு என்ன நம்பர், பிள்ளை?" என்று கேட்டார்.