துரியோதனனைப் பிடிக்கிற ரெண்டு பேர்

முதல்லயே சொல்லிடறேன், நான் கௌரவர் பக்கம். எட்டாவது படிக்கும்போதிலிருந்து வருஷா வருஷம் தோத்துக்கிட்டே இருக்கேன். ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. இனிமேலும் ஜெயிக்கப் போறதில்ல.

போன செமஸ்டர்ல ரூம்மேட் ஒரு வீடியோ காட்டினான். பெல்ஜியத்துல 1815ல நடந்த வாட்டர்லூ போரை 2015ல, அதாவது 200 வருஷம் கழிச்சு, ஆயிரக்கணக்கான பேர் அந்தக் காலத்து உடுப்பு, துப்பாக்கி, குதிரையோட திரும்ப நடத்திக் காட்டினாங்க. அமெரிக்காவுல கெட்டிஸ்பர்க் சண்டையையும் இப்படி நடத்துறாங்களாம். "சொந்தக் காசுல துணி தைச்சுப் போட்டுக்கிட்டு வெயில்ல விழுந்து சாகறானுங்க பாரு மச்சி"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். எங்க ஊர்ல நாங்க பண்றதை மட்டும் அவன்கிட்ட சொல்லல. இப்போ உங்ககிட்ட சொல்றேன். அவனும் படிக்கட்டும்.

எங்க ஊர் திருத்தணிக்குப் பக்கம். நகரி ரோட்டுல கொஞ்சம் போனா ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே சித்தூர் மாவட்டத்துலதான் இருந்தது. அதனால எங்க தெருவுல சண்டை தமிழ்ல ஆரம்பிச்சா தெலுங்குல முடியும். நிஜமான சண்டையும் இந்தப் பக்கம் நடந்திருக்கு. 1781 செப்டம்பர் 27 அன்னைக்கு ஹைதர் அலி படையும் அயர் கூட்டோட கம்பெனிப் படையும் மோதினது இங்க இருக்கிற சோளிங்கர்லதான். ஆனா அந்தச் சண்டையை வேஷம் கட்டி நடத்த இங்க ஒருத்தரும் கிடையாது. எங்களுக்குப் போர்னா ஒரே போர்தான், பாரதப் போர்.

திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா பார்த்திருக்கீங்களா? வட மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். மத்தியானம் ஆர்மோனியத்தோட பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம்னு கதை நாளுக்கு நாள் ஏறும். துகிலுரிதல் அன்னைக்குத் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்திக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். அந்த இடத்துல எங்க அம்மா எப்பவும் அழும். கடைசி நாள் காலையில படுகளம், சாயந்திரம் தீமிதி.

படுகளம்தான் நம்ம டிபார்ட்மெண்ட். துரியோதனனை மண்ணுல செஞ்சு மல்லாக்கப் படுக்க வைக்கணும். எங்க ஊர்ல நாப்பது அடிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கும். ஏரி மண் டிராக்டர்ல வரும். மிதிக்கிறது, சுமக்கிறது, தட்டுறது எல்லாம் நாங்க இருபது பேர். முகம் வரையறது மட்டும் ஒரு தாத்தா. நான் சிவில் எடுத்த வருஷம், மண் காய்ஞ்சா எவ்வளவு சுருங்கும்னு சாயில் மெக்கானிக்ஸ்ல படிச்ச தைரியத்துல, தண்ணியைக் குறைச்சுக் கலக்கச் சொன்னேன். மறுநாள் காலையில ராஜாவோட மார்புல கையை விடற அளவுக்கு வெடிப்பு. தாத்தா ஒண்ணும் சொல்லல. வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிக்க வெச்சுட்டு, "உங்க காலேஜ்ல மாடு இல்ல போல"ன்னார். அந்தப் பேர் இன்னும் போகல.

வலது தொடையில ஒரு பானை புதைச்சிருப்போம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச சிவப்புத் தண்ணி. பீமன் கதையால அடிச்சதும் அது உடையணும். அந்தச் சிவப்பு மண்ணைத் தொட்டுத்தான் அம்மனுக்குக் கூந்தல் முடிவாங்க.

பீமனும் துரியோதனனும் வெளியூர் கூத்து ஜமாவுலேர்ந்து வர்ற நிஜ நடிகர்கள். சேனை நாங்க. மேலத்தெரு பாண்டவர், கீழத்தெரு கௌரவர். இதுல நான் பார்க்கிற வேலை உங்களுக்குப் புரியணும். துரியோதனன் வேஷக்காரர் முந்தின நாள் ராத்திரி கட்டின கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், சலங்கையோட காலையில வெயில்ல ஊரைச் சுத்தி ஓடி வருவார். தூக்கம் கிடையாது. பீமன் மண் தொடையில அடிக்கிற அதே நொடியில இவர் மண் உடம்பு மேலேர்ந்து பின்பக்கமா அப்படியே சாயணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாடி திரும்பிப் பார்த்துட்டு விழுந்தா அவர் ராஜா இல்லையே. பிடிக்கிறதுக்கு இடது பக்கம் ஒருத்தன், வலது பக்கம் ஒருத்தன். விட்டா முதுகெலும்பு.

ஆறு வருஷமா இடது நான், வலது அவன். பக்கத்து வீடு. ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து ஒரே பெஞ்ச். நான் இன்ஜினியரிங் வந்தேன், அவன் பாலிடெக்னிக். ரெண்டாவது வருஷம் அவன் டிப்ளமாவை விட்டுட்டு ஒரகடத்துல காண்ட்ராக்ட் வேலைக்குப் போயிட்டான். வீட்டுக்குத் தெரியாது. காலையில டிபன் பாக்ஸோட காலேஜுக்குக் கிளம்பற மாதிரி கிளம்பி கம்பெனி பஸ் ஏறுவான். எனக்கு மட்டும் தெரியும். பொங்கல் லீவுல அவங்க அம்மா, நான் அத்தைன்னு கூப்பிடுவேன், பரீட்சை ஃபீஸுக்குன்னு கம்மலைக் கழட்டி அடகு வைக்கப் போனாங்க. என்னால முடியல. சொல்லிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி அவங்க வீட்டுல நடந்தது சுவர் வழியா எங்களுக்குக் கேட்டுது. அதுக்கப்புறம் அவன் என்கூடப் பேசல. பொங்கல்லேர்ந்து வைகாசி வரைக்கும், அஞ்சு மாசம். நான் சொன்னது சரியா தப்பான்னு கேட்டீங்கன்னா, கம்மல் மிஞ்சுச்சு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் படுகளத்துக்கு ஆள் கம்மி. முக்கால்வாசிப் பேருக்கு ஷிஃப்ட். லீவு போட்டா சம்பளம் பிடிப்பு. இருபது பேர் வர்ற இடத்துல பதினொரு பேர். வலது பக்கத்துக்கு வேற ஒரு பையனைப் பழக்கினோம். அவன் ரெண்டு தடவை மண்மூட்டையைக் கீழே விட்டான். தாத்தா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

படுகளத்தன்னைக்குக் காலையில பம்பை சத்தம் தெருமுனைக்கு வந்துடுச்சு. துரியோதனன் ஓடி வரார், பீமன் பின்னாடி, ஊர் மொத்தமும் அவங்க பின்னாடி. திரும்பிப் பார்க்கிறேன், வலது பக்கத்துல அவன் நிக்கிறான். நைட் ஷிஃப்ட் முடிச்சு, கம்பெனி சட்டையைக்கூட மாத்தாம, கழுத்துல ஐடி கார்டோட. என் முகத்தைப் பார்க்கல.

கதை இறங்குச்சு. பானை உடைஞ்சுது. அண்ணன் கையை விரிச்சுக்கிட்டுப் பின்னாடி சாய்ஞ்சார். "பட்டுக்கோ!" அவன்தான் கத்தினான். மண்மூட்டை தூக்கறதுலேர்ந்து ஆள் பிடிக்கிற வரைக்கும் எங்களுக்கு அந்தத் தெலுங்கு வார்த்தைதான் கமாண்ட். பிடிச்சோம். வேர்வையில நனைஞ்ச அத்தனை எடையும் ரெண்டு பேர் தோள்ல. அண்ணன் கண்ணைத் திறக்காமலே மெதுவா, "ரெண்டு பேரும் இருக்கீங்களாடா"ன்னார்.

சனம் மண் எடுக்க முண்டியடிச்சுது. வீட்டுல வெச்சா நல்லதுன்னு ஆளுக்கொரு பிடி. அரைமணி நேரத்துல ராஜாவுக்குத் தொடையே இல்ல.

போர் பம்புல கால் கழுவும்போது அவன் சொன்னான்.

"நானே சொல்லியிருப்பேன்டா."

"எப்போ?"

"தீமிதி முடிஞ்சதும்."

"கம்மல் பொங்கலுக்கே போச்சேடா."

அவன் ஒண்ணும் சொல்லல. ஐடி கார்டுல ஒட்டின சிவப்பு மண்ணை நகத்தால சுரண்டிக்கிட்டே இருந்தான்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? கந்த சஷ்டிக்கு முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கும். திருச்செந்தூர்ல கடற்கரையே நிரம்பும். திருத்தணியில மட்டும் கிடையாது. சண்டையெல்லாம் முடிஞ்சு கோபம் தணிஞ்சு வந்து நின்ன மலைங்கறதால அன்னைக்குப் பூவால அர்ச்சனை மட்டும்தான். மலைக்குக் கீழே இருக்கிற நாங்கதான் வருஷா வருஷம் பதினெட்டாம் போர் நடத்திக்கிட்டு இருக்கோம்.

மறுநாள் அவனுக்கு வீக் ஆஃப். சாயந்திரம் ரெண்டு பேரும் மலை ஏறினோம். 365 படி. அவன் லைன்ல புதுசா வந்திருக்கிற மிஷினைப் பத்தி ஆரம்பிச்சான், நான் என்னோட அரியரைப் பத்திச் சொன்னேன். எறநூறாவது படிக்கு மேல யாரும் பேசல. மூச்சு வாங்கிச்சு.