கதவைத் திறந்து வைத்துத்தான் படிக்கிறோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஹட்டன், கொட்டகலை, நோர்வூட் பக்கம் உள்ள பெற்றோர் நேரம் எடுத்து வாசியுங்கள்.

"டீச்சர், புள்ளைகளுக்கு ஹெக்கிங் படிச்சுக் குடுக்கிறீங்களாமே?" இந்த ஒரு மாதத்துக்குள் டவுனில் நாலு பேராவது கேட்டுவிட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டு கேட்டார்கள், ஒருவர் கோபமாகவே கேட்டார். ஆளுக்கு ஆள் பதில் சொல்வதை விட இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆமாம், ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிறோம். தெரிந்த நானா ஒருவர் தன் டியூஷன் வகுப்பறையைச் சும்மா தந்திருக்கிறார். வருவது பத்துப் பன்னிரண்டு பேர். ஏ.எல். படிக்கும் பிள்ளைகள், கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி, இரண்டு சிங்களப் பையன்கள், கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா.

அந்த அக்காவின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் எல்லோரும் போகும்வரை வாசலிலேயே நின்றார். யாரோ போன் எடுத்து, "உங்களுக்கு உதவிப் பணம் வந்திருக்கு, இப்ப வந்த ஆறு இலக்கத்தச் சொல்லுங்க" என்றிருக்கிறார்கள். சொல்லிவிட்டார். அன்றைக்கே அவருடைய வட்ஸ்அப் இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. அவர் பெயரில் சொந்தக்காரர் எல்லோருக்கும் "அவசரமாகக் காசு வேணும்" என்று செய்தி போயிருக்கிறது. கொழும்பில் வீட்டு வேலை செய்யும் தங்கச்சி பதினையாயிரம் அனுப்பிவிட்டார். இதெல்லாம் நடந்து மூன்று வாரம். யாரிடமும் சொல்லவில்லை. "மகனுக்குத் தெரிஞ்சா போனப் புடுங்கிருவான் டீச்சர்" என்றார்.

நடந்தது என்னவென்றால், திருடன் தன் போனில் வட்ஸ்அப்பைப் போட்டு அக்காவின் நம்பரைக் கொடுத்திருக்கிறான். அந்த நம்பர் உண்மையிலேயே உன்னுடையதா என்று பார்க்க வட்ஸ்அப் அனுப்பும் இலக்கம்தான் அக்காவின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக வந்தது. அதைச் சொன்னால் சாவியைக் கொடுத்த மாதிரி. திரும்ப எடுப்பதும் அதே வழிதான். நம் போனில் நம் நம்பரை மறுபடி பதிந்து, புதிதாக வரும் ஆறு இலக்கத்தைப் போட்டால் அவன் வெளியே போய்விடுவான். அவன் உள்ளே இருந்தபோது தனியாக ஒரு ரகசிய இலக்கம் வைத்திருந்தால் மட்டும் நாங்கள் ஏழு நாள் பொறுக்க வேண்டும். அந்த ரகசிய இலக்கத்தை நாங்களே முன்கூட்டி வைத்துவிட்டால், ஆறு இலக்கத்தை வாய் தவறிச் சொன்னாலும் அவனால் உள்ளே வர முடியாது. செட்டிங்ஸில் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்று இருக்கும். வாசிப்பதை நிறுத்தி இப்போதே போய் வைத்துவிட்டு வாருங்கள்.

அக்காவின் வட்ஸ்அப் வகுப்பறையிலேயே திரும்பி வந்தது. "இவ்வளவுதானா டீச்சர்?" என்றார். அந்த மூன்று வாரத்தையும் தின்றது வெட்கம். இந்த வேலையில் கெட்டிக்காரர்கள் பலருக்கு "இது கூடத் தெரியாதா?" என்று கேட்கும் பழக்கம் உண்டு. அந்த ஒரு கேள்வி போதும், ஏமாந்தவர் ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டார். அதனால் எங்கள் கூட்டத்தில் அந்த வசனத்துக்குத் தடை. புதிதாக யார் வந்தாலும் முதலில் பேசுவது அந்த அக்காதான். தனக்கு நடந்ததை அவர் சொல்லி முடித்ததும் மற்றவர்களும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார்கள். ஓய்வுபெற்ற சேர் ஒருவர், பெயர் வேண்டாம், வங்கி அனுப்பியது போல வந்த லிங்கை அழுத்திய கதையை இரண்டு வருடத்துக்குப் பிறகு அங்கேதான் சொன்னார்.

அடுத்தது பையன்கள். அவர்களுக்குப் பூட்டைத் திறந்து பார்க்கும் ஆசை. ஒருவன் கூட்டாளியின் பாஸ்வேர்டை ஊகித்து அவனுடைய பேஸ்புக்குக்குள் போயிருக்கிறான். பிறந்த திகதியாம், வேறென்ன! அவனை மற்றவர்கள் முன்னால் வைத்துத் திட்டவில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை எடுத்து எல்லோருமாக வாசித்தோம். அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்குக்குள் போவதே குற்றம், ஒன்றையும் திருடாவிட்டாலும் சரி. ஐந்து வருடம் வரை சிறை. பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆனால் பயம் காட்டி அனுப்பிவிட்டால் அந்த ஆசை எங்கே போகும்? உடைத்துப் பழகவென்றே கட்டிய இடங்கள் இருக்கின்றன, எல்லாம் இலவசம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'பிகோ சிடிஎஃப்' நடத்துகிறது. 'ஓவர் த வயர்' தளத்தில் 'பேண்டிட்' என்றொரு விளையாட்டு உண்டு. முதல் கட்டத்தில் தூரத்துக் கணினி ஒன்றுக்குள் போய், 'ரீட்மீ' என்ற கோப்பைத் திறந்து, அடுத்த கட்டத்தின் பாஸ்வேர்டை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். லெப்டொப் தேவையில்லை. என் பிள்ளைகள் ஆண்ட்ரொய்ட் போனில் 'டேர்மக்ஸ்' போட்டுத்தான் விளையாடுகிறார்கள். லயத்தில் சிக்னல் இல்லாதவர்கள் தொழிற்சாலைக்கு மேலே உள்ள ரோட்டுக்கு ஏறிப் போய் நின்று விளையாடுகிறார்கள். அட்டை கடித்ததுதான் மிச்சம் என்று ஒருவன் காலைக் காட்டினான்.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு முஸ்லிம் டீச்சர் பத்துப் பிள்ளைகளை அறைக்குள் வைத்து 'ஹெக்கிங்' என்று பேசினால் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் ரோட்டுப் பக்கக் கதவு முழுக்கத் திறந்தே இருக்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இது நான் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய '2600' சஞ்சிகையின் வாசகர்கள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பொது இடங்களில்தான் கூடுவார்கள். தலைவர் இல்லை, அங்கத்துவம் இல்லை, யாரும் வரலாம். இந்தியாவிலும் 'நல்' என்ற திறந்த பாதுகாப்புச் சமூகம் சென்னை உட்படப் பல நகரங்களில் கட்டணமில்லாமல் கூட்டம் நடத்துகிறது. கொழும்பிலும் இப்படிப்பட்ட கூடல்கள் உண்டு. ஆனால் ஹட்டனிலிருந்து ரயிலில் போய் வர ஒரு முழு நாளும் டிக்கெட் காசும் வேண்டும். எங்கள் பிள்ளைக்கு இரண்டும் இல்லை.

சென்ற கூட்டத்தில் நல்ல சண்டை ஒன்று. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி ஞாபகம் இருக்கிறதா? ஆயிரம் ரூபாய்க்காக மலையகமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். டொட் எல்கே முகவரிகள் சிலவற்றை, கூகுள் டொட் எல்கே உட்பட, யாரோ திருப்பிவிட்டார்கள். திறந்தவர்களுக்குத் தேயிலைத் தொழிலாளர் பிரச்சினையும் இன்னும் சிலதும் எழுதிய பக்கம் வந்தது. எப்படி முடிந்தது என்று பிள்ளைகளுக்கு இப்படி விளக்கினேன்: லயத்துக்கு வரும் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், இல்லையா? ஆபீஸ் புத்தகத்தில் உன் பெயருக்கு நேரே வேறு வீட்டு இலக்கத்தை எழுதிவிட்டால், உன் கடிதம் அங்கே போகும். உன் வீட்டை யாரும் உடைக்கவில்லை. உடனே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அந்தப் புத்தகத்தால் கெட்டவர்கள்தானே நாங்கள்!

"நம்ம கஷ்டத்தத்தானே சொன்னாங்க டீச்சர், அதுல என்ன தப்பு?" என்றான் ஒருவன். கொழுந்து எடுக்கும் அக்காதான் பதில் சொன்னார். "எம்பேர்ல எங்கிட்டக் கேக்காம ஒருத்தன் பேசுனான், எந்தங்கச்சி காசு போச்சு." நானும் அக்கா பக்கம்தான். ஆயிரம் ரூபாய் அடுத்த மாதம் வந்தது, ஆனால் சம்பள நிர்ணய சபை வழியாக. பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறும் வருவான், சண்டை போடட்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்று பிள்ளை வந்து சொன்னால் முதலில் அடிக்காதீர்கள். அந்தச் செய்திகளை அழிக்கவும் வேண்டாம், அவைதான் சாட்சி. டொட் எல்கே பதிவகம் நடத்தும் 'ஹிதவதி' இதற்காகவே இருக்கிறது. இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 எடுக்கலாம். காசு போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு.

அடுத்த கூடல் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி. பிள்ளைகள் கடைசி பஸ்ஸுக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும், அதனால் நாலரைக்கு முடித்துவிடுவோம். பெற்றோரும் வந்து பின் வாங்கில் இருக்கலாம். கோபமாகக் கேட்ட அந்த அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன். பழைய போன் வீட்டில் சும்மா கிடந்தால் கொண்டுவந்து தாருங்கள், இரண்டு பிள்ளைகளுக்கு இன்னும் போன் இல்லை. இடம் தெரியாதவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள்.