தென்மராட்சியின் போர்த்தேங்காய்

யாழ்ப்பாண நகரை விட்டுக் கண்டி வீதியிற் கிழக்கு நோக்கிப் புறப்படுவோர், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் செல்வதற்குள் நிலத்தின் தோற்றம் மாறுவதைக் காண்பர். வலிகாமத்தின் செம்மண்ணும், அதில் விளையும் புகையிலையும் வெங்காயமும் பின்னே தங்கிவிடுகின்றன. கைதடி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, மண் மணற்பாங்காகின்றது. பனையோடு தென்னையும் தோள் சேர்ந்து நிற்கின்றது. முகமாலையைக் கடந்து பளையை அடைந்தால், அங்கே தென்னையே நிலத்துக்கு உரிமை கொண்டாடுகின்றது.

இச்சோலைகள் கறிக்கும் எண்ணெய்க்கும் மட்டுமே உரியவை என்று வழிப்போக்கர் எண்ணுதல் இயல்பு. ஆனால், சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களிற் குடாநாட்டார் ஆடிவந்த போர்த்தேங்காய் என்னும் விளையாட்டுக்கு ஆயுதசாலையும் இத்தகைய தென்னஞ்சோலைகளே. புத்தாண்டு விழாக்களில் இன்றும் சிற்சில ஊர்கள் அதனைக் கைவிடாது போற்றி வருகின்றன.

ஆட்டத்தின் முறை மிக எளிது. ஒருவர் தமது தேங்காயை நிலத்தில் இருத்துவார். எதிரி தம் கையிற் பற்றிய காயால் அதன்மேல் ஓங்கி அடிப்பார். எந்தக் காய் உடைகின்றதோ அது தோற்றது. அடித்த காயே பிளந்துபோவதும் உண்டு. அப்பொழுது கூட்டத்தில் எழும் ஆரவாரத்தைச் சொல்லவும் வேண்டுமோ! இரண்டும் உடையாதாயின் முறை மாறும். விதிகள் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடலாம், அடிப்படை ஒன்றே.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய தனிச்சொத்தும் அன்று. மட்டக்களப்பிற் கண்ணகை அம்மன் வழிபாட்டைச் சார்ந்த கொம்புமுறி விளையாட்டோடு போர்த்தேங்காயும் சேர்ந்து வரும். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இணைத்து இதனைப் ‘போரபொல்’ என்பர். ஒரு தெய்வத்தை இரு பெயரால் வணங்கும் இரு மக்களும் ஒரே ஆட்டத்தை ஆடுவது எண்ணி மகிழத்தக்கது.

கருவியே பாதி வெற்றி

எந்தப் போட்டியிலும் கைத்திறனுக்கு இணையாகக் கருவியின் தகுதியும் பேசப்படும். 1988 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியை நோக்குங்கள். 10 மீற்றர் தூரத்தில் உள்ள இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீற்றர் விட்டமே உடையது. துப்பாக்கியின் நிறை 1500 கிராமுக்கு மேற்படலாகாது; விசையை இழுக்கும் பளு 500 கிராமுக்குக் குறையலாகாது. இவ்வெல்லைக்குள் நின்று, மரக்கைப்பிடியைத் தம் உள்ளங்கைக்குப் பொருந்துமாறு அராவியும், விசையைத் தம் விரலுக்கு இசையுமாறு திருத்தியும் வீரர் கருவியைத் தமதாக்கிக்கொள்கின்றனர். 2021 இல் தோக்கியோவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதடைந்தது. இறுதிச் சுற்று அவருக்குக் கைதவறிப் போயிற்று. 2024 இற் பாரிஸ் நகரில் அதே போட்டியில் அவர் வெண்கலம் வென்றார்.

போர்த்தேங்காய்க்காரனுக்கு அராவவும் திருத்தவும் எதுவும் இல்லை. அவன் செய்யக்கூடியது தெரிவு ஒன்றே. சந்தையில் இல்லத்தரசியர் தேடும் பருத்த காய் அவனுக்கு வேண்டா. சிறியதாய், உருண்டு, நன்கு முற்றி, கைக்குள் அடங்கும் காயே அவன் நாடுவது. வளைவு மிகுந்த சிறிய ஓடு அடியைத் தாங்கும். பரந்த ஓடு இலகுவில் விரியும். அலவாங்கில் மட்டையை உரித்துத் தும்பைக் களைந்தபின், விரல் முட்டியால் தட்டிச் செவியருகே வைத்துக் கேட்பான். மெல்லிய சிரட்டைக்கு ஓர் ஒலி, வைரம் ஏறிய சிரட்டைக்கு வேறோர் ஒலி. சிரட்டையின் தடிப்பு ஏறக்குறைய 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையில் உள்ளது. அந்தச் சிறு வேறுபாட்டைக் காதாலே அளக்கும் கலை அது!

அடுத்தது, காயைப் பிடிக்கும் முறை. தேங்காயின் நடுவிடை இளகியது. சமையற்கட்டிற் கத்தியின் பின்புறத்தால் தட்டி இரு பாதியாக்குவது அவ்விடத்திலேதான். கண்கள் உள்ள பக்கமோ வேறு விதம். மூன்று கண்களில் ஒன்று முளை வெளிவரும் வாயில் ஆதலின் மென்மையானது. ஆகவே நடுவிடையையும் அக்கண்ணையும் காத்து, காயின் உறுதியான முனை எதிரியின் காயைச் சந்திக்குமாறு உள்ளங்கையிற் பொருத்திக்கொள்வதே அடிப்பவனின் நுட்பம்.

மரத்தை அறிந்தவன்

இவையனைத்துக்கும் மேலான அறிவு ஒன்றுண்டு. அது காயைப் பற்றியதன்று, மரத்தைப் பற்றியது. தேர்ந்தவன் காய்க்குவியலில் துழாவமாட்டான். இன்னாருடைய வளவில், கிணற்றடியில் நிற்கும் இன்ன மரம் என்று நேரே செல்வான். இதற்குத் தாவரவியலும் சான்று பகர்கின்றது. சிரட்டை தாய்மரத்தின் பகுதியே. மகரந்தம் எங்கிருந்து வந்தபோதிலும் அதன் இயல்பைத் தாய்மரமே தீர்மானிக்கும். ஆகையால் வைரமான காய் ஒன்றைத் தந்த மரம் ஆண்டுதோறும் அத்தகைய காயையே தரும்.

ஆனால், அதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. நெட்டைத் தென்னை பெரும்பாலும் அயல்மரத்தின் மகரந்தத்தாற் கருக்கொள்வது. அதன் காயை நட்டு வளர்க்கும் பிள்ளை, தாயைப் போன்று வைரக்காய் காய்க்கும் என்று உறுதி கூற இயலாது. மாமரத்தைப் போல் ஒட்டுக்கட்டவும் வழியில்லை. போர்த்தேங்காய் மரம் ஒன்று வீழ்ந்தால், அம்மரம் வீழ்ந்ததேயாம்.

2000 ஆம் ஆண்டுப் போரிற் சாவகச்சேரியும் அதற்குக் கிழக்கேயுள்ள ஊர்களும் பட்ட பாட்டை நாடறியும். எறிகணைகளால் முடியிழந்த தென்னைகள் பளைப் பகுதியில் வெறுந் தூண்களாய்ப் பல்லாண்டு நின்றன. தென்னைக்கு வளரும் குருத்து ஒன்றே. அது போனால் மரம் மீண்டும் தழையாது. 2009 இற் போர் ஓய்ந்தபின் புதிய கன்றுகள் நடப்பட்டன. நெட்டைத் தென்னைக்குக் காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும் ஆதலின், அவற்றுள் முதலில் நட்டவை இன்று பலன் தருகின்றன. எனினும் பருப்பும் எண்ணெயும் மிகவேண்டும் என்பதற்காகவே தென்னை தெரியப்படுகின்றது. சிரட்டை வைரமாக இருக்கவேண்டுமென்று எவர்தாம் கன்று கேட்பர்?

ஆகையால் தென்மராட்சியில் வளவுடையோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியோரிடம், எந்த மரத்துக் காய் ஒருகாலத்தில் உடையாது நின்றது என்று கேட்டறியுங்கள். அம்மரம் இன்னும் நிற்குமாயின் அதற்கோர் அடையாளம் இடுங்கள். காய்ப்புக் குறைந்ததென்று அவசரப்பட்டுத் தறியாதீர்கள். அதன் காய்கள் பத்தை நடுங்கள். ஒன்றேனும் தாயைப் போல் அமையலாம். பாட்டன் தட்டிக் கேட்ட ஒலியைப் பேரனும் கேட்பதற்கு வேறு வழி இல்லை.