விடாத கருப்பும் வராத கருப்பும்

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். நம் வட்டத்தில் அது ஓர் இலக்கியச் செய்தியாகப் படவில்லை. 1958ல் சேலத்தில் பிறந்து, மாத நாவல்களிலும் தொடர்கதைகளிலும் பிறகு தொலைக்காட்சியிலும் அமானுஷ்யத்தையே எழுதிப் பெரும் வாசகக் கூட்டத்தைச் சேர்த்தவர். அவரை நாம் படிப்பதில்லை, படித்தவர்கள் சொல்லிக்கொள்வதில்லை.

நான் படித்தேன். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் புழங்கும் கெலமங்கலத்தில் நான் குடியிருந்த நாட்களில், பஸ் நிறுத்தத்துக் கடையில் தமிழென்று தொங்கியவை தினசரிகளும் மாத நாவல்களும்தான். ஓசூர் ஆலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள் அவற்றை வாங்கினார்கள். படித்து முடித்தது கைமாறி என்னிடம் வரும்.

இவருடைய பயத்துக்கு ஊர் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாழடைந்த மேல்நாட்டு மாளிகையை இவர் இரவல் வாங்கவில்லை. சித்தர் மலை, நவபாஷாண லிங்கம், குதிரையேறி வரும் காவல் தெய்வம் என்று நம் பாட்டிகள் பயந்தவற்றையே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நம்பிக்கையின் விளக்கம் ஒன்று, விஞ்ஞானத்தின் விளக்கம் ஒன்று என இரண்டையும் வைத்து, தேர்வை வாசகனிடம் விட்டுவிடுவது அவர் முறை.

அவர் நாவலின் பெயர் 'விட்டுவிடு கருப்பு'. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாகாவின் இயக்கத்தில் சன் டிவியின் 'மர்மதேசம்' வரிசையில் வந்தபோது அது 'விடாது கருப்பு' ஆயிற்று. மன்றாட்டு, எச்சரிக்கையாக மாறிவிட்டது. வாசகன் வேண்டியது இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். அந்தத் தொடரில் தண்டிப்பது தெய்வமா, பிளவுண்ட ஒரு மனித மனமா என்பது கடைசியில்தான் தெரிகிறது. எதுவானாலும் தப்பு செய்தவன் தப்புவதில்லை. அங்கே விற்பனையானது பயமல்ல, நீதி.

அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் இரண்டு விரல்கள் போயின. காண்ட்ராக்ட் ஆள் என்பதால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். நாவலைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "கதையில கருப்பு கரெக்டா வந்துடறான் சார். எங்க கம்பெனி கேட்டுக்குள்ள மட்டும் வரமாட்டேங்கறான்." நான் படித்த விமர்சனம் எதுவும் அந்த நாவல்களைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

1943ல் புதுமைப்பித்தன் 'காஞ்சனை' எழுதினார். அதில் யாருக்கும் தண்டனை இல்லை. நடந்தது என்ன என்பது கடைசிவரை நிச்சயமில்லை. பயம் பயமாகவே நிற்கிறது. அதை ஓர் உச்சமென்று கொண்டாடிய நாம் அந்த வழியில் அதிக தூரம் போகவில்லை. பயத்தைச் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, சந்தை ஆறுதல் விற்கிறது என்று குறைபட்டுக்கொண்டிருக்கிறோம். ஆறுதல் தேவைப்படுகிறவர்களுக்கு இந்திரா சௌந்தர்ராஜன் அதை வஞ்சனையில்லாமல் கொடுத்தார்.

ஷிப்ட் முடிந்து திரும்புகிறவனின் பயம் பேய் வருமென்பதல்ல, ஒருவரும் வரமாட்டார்கள் என்பது. மாத நாவல் அதை எழுத முடியாது. எழுதினால் மறுமாதம் விற்காது. விற்பனைக் கவலை இல்லாத நம் பத்திரிகைகளிலும் அந்தக் கதையை நான் இன்னும் படிக்கவில்லை.