சிம்பொனி கேட்கத் தொடங்குமிடம்

எங்கள் ஊர் ஆரணி. பட்டுக்குப் பெயர்போன ஆரணி யன்று. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றைச் சார்ந்த சிறிய ஊர். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி இரும்பாலை யொன்றிற்குச் சென்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்தேன். சென்ற ஆண்டு என் செவிகளைச் சோதித்த வைத்தியர், உச்சஸ்தாயி ஒலிகள் மங்கி வருகின்றன என்றார். அன்று மாலை அலமாரியிலிருந்த இசைத்தட்டுக்களை எண்ணினேன். கேளாமற் கிடந்தவையே பல.

தொடங்கிய இடம் தவறியதே காரணம். கல்லூரியை விட்ட புதிதில், பெரியதே சிறந்ததெனக் கருதிப் புருக்னருடைய எட்டாவது சிம்பொனியை வாங்கினேன். ஏறக்குறைய எண்பது நிமிஷம்! முதற்பக்கம் முடியுமுன் உறங்கிவிட்டேன். அப்பால் பதினைந்து ஆண்டு அந்தத் திக்கையே நோக்கவில்லை. பம்பாயில் பிறந்த ஸுபின் மேத்தா, 2005 டிசம்பர் 26-ல், ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவாகச் சென்னை மியூசிக் அகாடமியில் பவேரிய வாத்தியக் குழுவை நடத்தினார். எனக்கு அன்று இரவு வேலை. மனமிருந்தால் முறையை மாற்றிக் கொண்டிருக்கலாம்.

ஆதலின் இளைய நண்பர்காள், துவோர்ழாக்கின் ஒன்பதாவதில் தொடங்குங்கள். 1893-ல் நியூயார்க்கில் அரங்கேறியது. நாற்பது நிமிஷ அளவினது. அதன் இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் பாடும் மெட்டு, பெரும்பாலும் நம் மோகனத்தின் ஐந்து சுரங்களிலேயே உலாவுவது. அதன்பின் பிராம்ஸின் நான்காவது. அதன் இறுதிப் பகுதியில் எட்டே அளவு கொண்ட சிறு அடியொன்று முப்பது விதமாக மாறி வருவது, சங்கதிகளிற் பழகிய செவிக்குப் புதிதன்று. சைக்காவ்ஸ்கியின் ஆறாவதையும் கேளுங்கள். ஆயின் மனம் சோர்ந்த நாளில் வேண்டா.

முற்காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிஷமே அடங்கும். 1938-ல் வியன்னாவில் புரூனோ வால்ட்டர் நடத்திய மாலரின் ஒன்பதாவது இருபது பக்கங்களில் வெளிவந்தது. அவ்வளவு முறை எழுந்து திருப்பியவர்களை நினைத்தால் என் உறக்கம் எனக்கே நாணமாயிருக்கின்றது.

புருக்னரிடம் என்னை மீட்டது மேத்தாவே. வியன்னா பில்ஹார்மோனிக்கைக் கொண்டு 1965-ல் அவர் பதிவு செய்த ஒன்பதாவது, ஆசிரியர் முடிக்காமல் மறைந்த மூன்று பகுதிகளே யுடையது. அதன் கொம்புகளின் தாழ்ந்த நாதம் இன்றும் எனக்குக் குறைவின்றிக் கேட்கின்றது.

மாலரின் முதல் சிம்பொனி அவ்வாறன்று. தொடக்கத்தில் தந்திவாத்தியங்கள் ஒரே சுரத்தைப் பல ஸ்தாயிகளில் தம்புராப்போல் பிடித்து நிற்கும். வயலின்களின் உச்சச் சுரம் செவிக்கு எட்டுகின்றதோ, நினைவுதானோ என எனக்குத் தெளியவில்லை. அருகிலிருந்த மகளைக் கேட்டேன்.

“இருக்கிறது, அப்பா” என்றாள்.