மூன்று முனைகளும் ஒரு சாமணமும்

நண்பரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மோதிரத்துக்கு வட்டக் கல் வேண்டாம், முக்கோணக் கல்தான் வேண்டும் என்று பெண் பிடிவாதமாக இருந்தாள். இங்கே அந்தமானில், அபர்தீன் பஜாரில் ஒரு நகைக்கடை சென்னையிலிருந்து மூன்று கற்களைத் தருவித்துவிட்டது. எதை எடுப்பது என்று கேட்டதற்கு, "மூணும் சர்டிபிகேட் கல்லு சார், கண்ணுக்குப் பிடிச்சதை எடுங்க" என்றார்களாம். நண்பருக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கடைக்குக் கல் பதித்துத் தருகிறவர் டெலானிப்பூரில் இருக்கிறார், திருச்சிப் பக்கத்துக்காரர், அவரையே கேட்டுவிடலாம் என்று என்னையும் அழைத்துப் போனார். பொட்டலத்தோடு கடைப் பையனும் கூட வந்தான்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. தாழ்வான மேசை, குனிந்து நிற்கும் விளக்கு, அரக்குக் குச்சி, அரங்கள். விழும் தங்கத்தூளைப் பிடிக்க மேசைக்கு அடியில் தோல் விரிப்பு. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நீலத்தாள் பொட்டலத்தைப் பிரித்தவர், கற்களை முதலில் வெறும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். உருப்பெருக்கிக் காட்டும் லூப்பைத் தொடவில்லை.

பிறகு பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து, கற்களை அதன் மேல் வரிசையாக வைத்தார். "நேரா மேலேர்ந்து பாருங்க." மூன்றில் பெரிதாகத் தெரிந்த கல்லின் நடுவே, தாளில் அச்சான எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "வெளிச்சம் திரும்பி வரல. அடி வழியா ஓடிப் போயிருது. முகம் பெருசு, உசுரு கம்மி."

முக்கோணக் கல்லில் இந்தக் குறை அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. சில வைரங்கள் இரட்டைப் படிகமாக வளர்ந்து, தட்டையாக, முக்கோணமாகவே மண்ணிலிருந்து வெளிவருகின்றன. மேக்கிள் என்பார்கள். அதை வட்டமாக்கினால் பாதிக்கு மேல் தூளாகிவிடும், முக்கோணமாகவே பட்டை தீட்டினால் எடை தங்கும். எடையைக் காப்பாற்றுகிற ஆசையில் ஆழத்தைக் குறைத்தே விட்டுவிடுகிறார்கள். சென்ட் கணக்கில் விற்கும் பொருளில் ஒவ்வொரு சென்டும் காசு. வட்டக் கல்லுக்கு வெட்டின் தரத்தைச் சான்றிதழில் போட்டுக் கொடுத்துவந்த ஜி.ஐ.ஏ. ஆய்வகம், முக்கோணம் போன்ற வடிவங்களுக்கு அப்படித் தரம் போட்டதில்லை. நிறம், சுத்தம், எடை, அளவு எல்லாம் தாளில் இருக்கும். ஒளி திரும்புகிறதா என்பதை யாராவது கண்ணால்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கல்லைச் சாமணத்தால் எடுத்த விதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முனையோடு முனை பிடிக்கவே இல்லை. மேல்தட்டில் ஒரு நுனி, அடிமுனையில் மறு நுனி. அப்படிப் பிடித்து மெல்லச் சுற்றினால் கல்லின் இடுப்பு முழுவதும் லூப்புக்கு முன்னால் வந்து போகிறது. சாமணத்தின் உள்பக்கத்தில் மெல்லிய வரிகள் இருந்தன, நுனியில் அவை தேய்ந்து மழமழவென்றாகிவிட்டன. பன்னிரண்டு வயதில், கிராமத்துப் பட்டறையில் உட்கார்ந்த அன்று கைக்கு வந்த சாமணம் அது.

திருச்சி, புதுக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் அன்று திண்ணைக்குத் திண்ணை செயற்கைக் கல் தீட்டினார்கள். 1970களில் சோவியத் விஞ்ஞானிகள் கியூபிக் சிர்க்கோனியாவை வளர்க்கும் வழி கண்டபின், 'அமெரிக்கன் டைமண்ட்' தோடும் மூக்குத்தியும் நாடெங்கும் பரவின. அவருடைய அம்மா, அக்கா எல்லோருமே கல் தீட்டியவர்கள். பின்னாளில் சீனாவின் வூசோ நகரத்தில் கல் தீட்டும் இயந்திரங்கள் இறங்கின, இங்கே கூலி விழுந்தது. வெட்டுகிறவராக இருந்தவர் பதிக்கிறவராக மாறினார், மதுரையில் கொஞ்ச காலம், கோயம்புத்தூரில் கொஞ்ச காலம், கடைசியில் சென்னைத் துறைமுகத்தில் அந்தமான் கப்பல். "வெட்டுனவனுக்குத்தான் சார் தெரியும், எங்க உடையும்னு."

இரண்டாவது கல்லை அவர் ஒதுக்கியது அந்த அறிவினால்தான். ஒரு முனைக்கு அருகில் இறகு போல ஒரு கீறல். லூப்பில் எனக்கும் தெரிந்தது. வைரம் கடினத்தில் முதலிடம், ஆனால் நான்கு திசைகளில் பிளந்துகொள்ளும். நடுவில் இருந்தால் அந்தக் கீறலால் பெரிய பாதகமில்லை. முனையில் இருந்தால், கல்லைப் பிடிக்கும் தங்க நகத்தை மடித்து அழுத்தும்போதே 'டிக்'கென்று போய்விடும். மதுரைக் கடைவீதியைச் சொல்லும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் வைரத்தின் குறைகளாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கு வருவதை அவரிடம் சொன்னேன். "காக்காப்பாதம் எங்க வாத்தியார் சொல்வாரு" என்றார்.

மூன்றாவதில் இலேசான மஞ்சள். முக்கோணத்தில் நிறம் முனைகளில்தான் கூடித் தெரியும், அதனால் நண்பர் தயங்கினார். பதிக்கிறவர் அளவுகோலால் மூன்று பக்கங்களையும் அளந்து காட்டினார், மூன்றும் சமம். பக்கங்கள் இலேசாக வெளியே வளைந்திருந்தன. தனிக்கல்லாக நிற்கும் மோதிரத்துக்கு அதுதான் எடுப்பு, நேர்ப்பக்கக் கல் பெரிய கல்லின் இருபுறமும் துணைக்கு நிற்கத் தோதானது. "மஞ்சத் தங்கத்துல வச்சா இந்த மஞ்சள் தெரியாது. பாப்பா கையில கல்லு பேசும்." அந்தக் கல்லே முடிவானது.

பதிக்கும் நாளிலும் போனேன். பர் என்ற சிறு துளைமுனை வைத்துக் குடையும் வேலை என் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடந்தது. ஓரிடத்தில் மட்டும் நிறுத்திக் காட்டினார். ஒவ்வொரு முனைக்கும் 'வி' வடிவ நகம் ஒன்று. அந்த நகத்தின் உள்ளே, முனை உட்காரும் இடத்தில், ஒரு மயிரிழை பள்ளம். கல்லின் பாரம் பக்கங்களில் இறங்க வேண்டும், முனை எதன் மேலும் படக்கூடாது. வெளியே யாருக்கும் தெரியாத அந்தப் பள்ளம்தான் மோதிரத்தின் ஆயுள்.

அதற்கு அவருக்குக் கிடைப்பது கல்லுக்கு இவ்வளவு என்று பேசிய கூலி. வாங்குகிறவர் கையில் தரும் பில்லில் சேதாரம் என்று ஒரு வரி, செய்கூலி என்று ஒரு வரி. செய்தவர் பார்க்காத செய்கூலி அது. அதன் பெரும்பகுதி கடைக்கும் நடுவில் நிற்கும் ஏஜெண்டுக்கும் போகிறது. மேசையடித் தோலில் விழுந்த தூளை எடை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், சேதாரத்தை வாடிக்கையாளர் தலையிலும் கட்டுகிறார்கள். பதிக்கும்போது கல் உடைந்தால் மட்டும் நஷ்டம் முழுக்க அவர் கூலியில் கழிகிறது. இதைக் கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கொள்ளை. ஆய்வகத்தில் வைரம் வளர்க்க 2023இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்கு ரூ.242 கோடி அரசு ஒதுக்கியது. நல்லது, வளரட்டும். வளர்ந்த கல்லையும் ஒருவர் குனிந்து உட்கார்ந்துதான் நகத்துக்குள் இறக்க வேண்டும். அவருடைய பார்வைக்கும் முதுகுவலிக்கும் எந்த ஒதுக்கீட்டில் இடம்?

நண்பர் தனியாகப் பணம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "வருசத்துக்கு ஒரு தடவை மோதிரத்தைக் கொண்டாங்க. நகம் தேஞ்சிருக்கா, கல்லு ஆடுதான்னு பார்க்கணும். கடையில குடுக்காதீங்க, நேரா இங்க வாங்க. அப்போ கூலி வாங்கிக்கிறேன்."